தேம்பாவணியில் இறைவனின் அணிமை

இறைவன் எங்கும் நிறைந்தவன் என்பதைச் சமயங்கள் பலவும் ஒப்புக்கொள்கின்றன. ஆயினும் எங்கும் நிறைந்திருத்தல் வேறு. அருகில் இருத்தல் வேறு. வானம் எங்கும் பரந்ததே. அதனைத் தொட்டவர் யார்? கிறித்தவ சமயம் இறைவனின் அணிமையைத் தன் உயிர்க்கொள்கையாகக் கொண்டுள்ளது. மத்தேயு எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரத்திலேயே ‘இம்மானுவேல்’ என்னும் பெயர் வருகிறது. கடவுள் நம்மோடு இருக்கிறார் என்பது அதன் பொருள். இக்கொள்கையைத் தமிழ்க் காப்பியமாக்கிய நூல் தேம்பாவணி. அந்த அணிமையை அந்நூல் எங்ஙனம் காட்டுகிறது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இத்தாலியில் பிறந்து தமிழகம் போந்து தமிழ்த்தொண்டு புரிந்த வீரமாமுனிவர் (1680–1747) இக்காப்பியத்தை 1726ஆம் ஆண்டில் இயற்றினார். மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட பெருநூல் இது. இதன் தலைவர் இயேசு பெருமான் அல்லர். அவரை வளர்த்த தந்தையாகிய சூசை. எபிரேய மொழியில் ‘பெருகுதல்’ என்னும் பொருள் தரும் அப்பெயரை வளன் எனத் தமிழாக்கினார் முனிவர்.

இத்தேர்வில்தான் முனிவரின் நுண்மாண் நுழைபுலம் விளங்குகின்றது. நற்செய்தி நூல்கள் நான்கினும் சூசை பேசியதாக ஒரு சொல்லேனும் இல்லை. அவர் தச்சர், நீதிமான், சொன்னதைச் செய்தவர். அவ்வளவே. வாய் திறவாத அந்த எளியவரை முனிவர் காப்பியத் தலைவராக்கினார். பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கித் தாமே தாயாகிப் பாடினார். அது பக்தர் மனத்தால் தேடிக்கொண்ட உறவு. வளனுக்கோ அக்குழந்தை உண்ண உணவும் உறங்க இடமும் தேட வேண்டிய பொறுப்பே வாய்த்தது. முன்னது பாவனை; பின்னது கடமை. இரண்டும் அன்பே எனினும் சுவை வேறு.

இறைவன் அருகில் இருந்தால் துன்பம் அணுகாது என்பது பலர் எண்ணம். தேம்பாவணி அவ்வெண்ணத்தை உடைக்கிறது. ‘ஐயந்தோற்று படலம்’ இதற்குத் தக்க சான்று. மரியின் கருவுற்ற நிலையைக் கண்டு வளன் கலங்குகிறான். மனைவியின் தூய்மையையும் அவன் அறிவான். கண்ணெதிரே காண்பதையும் மறுக்க இயலாது. இவ்விரண்டிற்கும் இடையே அவன் நெஞ்சம் படும் பாட்டைத் தனிப்படலமாகவே முனிவர் விரித்துள்ளார். இறைவன் அவன் இல்லத்திற்குள் வந்துவிட்டான். அவ்வருகையே அவன் அமைதியைக் குலைக்கிறது. அடுத்துவரும் ‘ஐயம் நீங்கு படலம்’ தெளிவு தருகிறது. எனினும் ஐயுற்றமைக்காகக் கவிஞர் வளனைத் தாழ்த்தவில்லை. அணிமையில் வாழ்பவனுக்கும் ஐயம் பிறக்கும் என்று ஒப்புக்கொண்ட நேர்மை பெரிது.

துன்பம் அத்துடன் நிற்கவில்லை. ஏரோது மன்னனுக்கு அஞ்சிக் குழந்தையுடன் எகிப்துக்கு ஓட நேர்கிறது. உலகைக் காப்பவனை ஒரு தச்சன் காத்துக்கொண்டு இரவில் வழிநடக்கிறான். பின்னர், பன்னிரண்டு வயதில் மகனே காணாமற் போகிறான். ‘பிரிந்த மகவைக் காண் படலம்’ அத்துயரையும் மீட்சியையும் கூறுவது. அருகில் இருந்தவனைத் தேடித் திரிய நேர்வது அணிமையை அறிந்தவர்க்கே உரிய துயரம். அறியாதவர்க்கு இழப்பும் இல்லை. முடிவில் ‘பிணிதோற்று படலத்தில்’ வளன் நோயுறுகிறான். பிணி தீர்க்க வல்லவன் பக்கத்திலேயே இருக்கிறான். ஆயினும் மனிதர்க்கெல்லாம் உரிய இறப்பு வளனுக்கும் வருகிறது. அவன் பெற்ற பேறு இறவாமை அன்று. அன்புடையார் அருகிருக்க இறத்தலே.

இத்துணைச் சிறப்பு இருப்பினும் நூலில் குறையே இல்லை எனல் பொருந்தாது. பெருங்காப்பியத்திற்குத் தன்னிகரில்லாத் தலைவன் வேண்டும் என்பது அணியிலக்கண மரபு. அம்மரபிற்கு இணங்க முனிவர் சிந்தாமணியின் அணிநலத்தையும் கம்பரின் போக்கையும் தழுவி நாட்டையும் நகரையும் விரிவாகப் புனைகிறார். யூதேய நாட்டில் தமிழகத்து மருதவளம் கொழிக்கிறது. இடையிடையே பழைய ஏற்பாட்டுக் கதைகள் நீண்டு செல்கின்றன. இவற்றால் தச்சனின் சிறுகுடில் படிப்போர் கண்ணுக்குப் பன்முறை மறைந்துபோகிறது. இறுதியில் வரும் ‘முடிசூட்டுப் படலம்’ வளனை விண்ணக மகுடத்தோடு காட்டுகிறது. மரபு நிறைவெய்தியது, ஆனால் உளி பிடித்த கை மறைந்தது. முடியில்லாமலே அவன் தன்னிகரற்றவன் என்பதை முந்தைய படலங்களே நிறுவிவிட்டன அல்லவா?

எனினும் மருதவளத்தை முற்றும் குறை எனத் தள்ளுவதும் முறையன்று. தொலைநாட்டு வரலாறு தமிழர்க்கு அயலாகத் தோன்றாதிருக்கவே அவர் அவ்வாறு பாடினார் எனக் கொள்ளலாம். அங்ஙனமாயின் அதுவும் ஒருவகை அணிமையே.

எச். ஏ. கிருட்டிண பிள்ளை பாடி 1894ஆம் ஆண்டில் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தோடு ஒப்பிட்டால் தேம்பாவணியின் தனித்தன்மை இன்னும் தெளிவாகும். பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கிலக் கதையைத் தழுவிய அந்நூலில் மனிதன் இறைவனின் நகரை நோக்கி நடக்கிறான். வழியில் துணை உண்டு. எனினும் நிறைவு பயணத்தின் முடிவிலேயே உள்ளது. தேம்பாவணியில் பயணம் எதிர்த்திசையில் நிகழ்கிறது. இறைவனே மனிதனின் வாயிலைத் தேடி வருகிறான். வந்தவனைப் பேணுதலே வளனின் வாழ்வாகிறது.

ஆகவே தேம்பாவணியைக் கற்பிப்போர் நாட்டு நகர வருணனைகளோடு நின்றுவிடலாகாது. அவை முனிவரின் புலமையைக் காட்டும். ஐயமும் பிரிவும் பிணியும் பேசும் படலங்களோ அவரின் உள்ளத்தைக் காட்டும். இறைவன் அருகில் இருக்கிறான் என்பதற்கு அடையாளம் துன்பம் இன்மை அன்று. துன்பத்திடையிலும் கைவிடாத கடமையே என்பதை மாணவர் அங்குக் காண்பர். எச்சமயத்தவரும் ஏற்கத்தக்க இவ்வுண்மையைத் தமிழில் பாடிவைத்தமையால் தேம்பாவணி தன் பெயருக்கேற்ப வாடாத மாலையாகவே திகழ்கிறது.