பக்கியின் இறகும் படத்தின் இரைச்சலும்

இருட்டில் எடுத்த படத்தின் மேல் மணல் தூவினாற்போல் தெரியும் புள்ளிகளைப் பேச்சில் ‘நாய்ஸ்’ என்கிறோம், எழுத்தில் ‘இரைச்சல்’. காதுக்குரிய இந்தச் சொல் தொடர்பியல் வழியாகக் கண்ணுக்கு வந்து சேர்ந்தது. 1948இல் வெளியான கிளாட் ஷானனின் கட்டுரையில் செய்தி ஒரு பக்கம், அதைக் குலைப்பது இன்னொரு பக்கம். இந்தப் பிரிவினை பறவைப் படத்துக்குள் வரும்போது, எது செய்தி எது இரைச்சல் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே என் கேள்வி.

முதலில் ஐ.எஸ்.ஓ. மேல் விழுந்த பழியைத் துடைத்துவிடலாம். ஒளி துகள் துகளாகத்தான் வருகிறது. ஒரு படப்புள்ளியில் 10,000 துகள் விழுந்தால் அதன் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது நூற்றுக்கு ஒன்று. வெறும் 100 விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, நூற்றுக்குப் பத்து. குற்றவாளி இருட்டு. ஐ.எஸ்.ஓ. அந்தப் பற்றாக்குறையைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். 6400 என்ற எண்ணுக்குப் பயந்து, அதே வேகத்தில் 1600இல் எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெளிச்சத்தைத் தூக்குகிறவர்கள் ஒன்றும் சம்பாதிப்பதில்லை. பல கேமராக்களில் நிழல்பகுதி இன்னும் மோசமாகத்தான் வரும்.

என் உதாரணம் பக்கி. (இந்தப் பெயரை வைத்து நாம் ஒருத்தரையொருத்தர் திட்டிக்கொள்வது அதற்குத் தெரியாதவரை நல்லது.) பகலில் சருகோடு சருகாகத் தரையில் கிடக்கும், அந்தியில்தான் எழும். பழுப்பும் சாம்பலும் கறுப்புமாகப் பொடி தூவிய அதன் இறகுக்கோலம் பார்ப்பவன் கண்ணை ஏமாற்றுவது. அதாவது இந்தப் பறவையின் செய்தியே இரைச்சலின் வடிவில் இருக்கிறது. பழைய வகை மென்பொருள் இரண்டையும் சேர்த்து வழித்துவிடும், பக்கி மெழுகுபொம்மையாகிவிடும். பார்த்தவுடன் பிடிபட்டுவிடுகிற வன்முறை அது. 2020இல் வந்த டீப்பிரைம், 2023இல் லைட்ரூமில் சேர்ந்த டீநாய்ஸ் போன்றவை வேறு ரகம். ஏராளமான படங்களில் பயிற்சி பெற்ற இவற்றால், அழிந்துபோன இடத்தில் இறகு மாதிரியான ஒன்றை நிரப்பவும் முடியும். அந்த இறகு யாருடையது? நம் முன்னால் உட்கார்ந்திருந்த பக்கியினுடையது மட்டுமல்ல, முன்பு எடுக்கப்பட்ட வேறு படங்களின் பழக்கமும் அதில் இருக்கிறது. பிரதிக்குள் பிற பிரதிகள் நுழைவதைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம், அதில் அதிர்ச்சி இல்லை. ஆனால் ரோலன் பார்த் 1980இல் ஒளிப்படத்துக்கென்று ஒதுக்கிய உத்தரவாதம், எதிரே ஒரு பொருள் நிஜமாகவே இருந்தது என்பது, இங்கே ஓசையில்லாமல் கைமாறுகிறது. குரலை விட்டால், பக்கி இனங்களைப் பிரித்தறிய உச்சந்தலைக் கோடுகளும் தோளிறகின் விளிம்புகளுமே பெரும்பாலும் கைகொடுக்கும். அவையே யூகம் என்றால் அந்தப் படத்தை வைத்து என்ன இனம் என்று யார் சொல்வது?

‘க்ளீனா இருக்கு’ என்பதுதான் இன்று பறவைப் படத்துக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு. சுத்தம் என்ற சொல் நம்மூரில் என்னென்ன வேலை பார்த்திருக்கிறது என்று இந்தப் பத்திரிகை வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக, ட்ரை-எக்ஸ் ஃபிலிம் காலத்து ஏக்கத்தோடு புள்ளிதான் நிஜம் என்று வாதாடுகிறவர்களோடும் எனக்கு ஒட்டவில்லை. புள்ளி பக்கியின் உடம்பில் இல்லையே.

இன்னொரு வழி இருக்கிறது, யாரும் அதிகம் பேசுவதில்லை. உட்கார்ந்த பக்கி அசையாது. கிட்டே போய்க் கிளப்பிவிடாமல், ஃப்ளாஷ் அடிக்காமல், கேமராவைத் தரையில் ஒரு பையின் மேல் தாங்கவைத்து, ஒரே சட்டகத்தில் 4 படம் எடுத்துச் சராசரி கண்டால் இரைச்சல் பாதியாகும், 16 எடுத்தால் கால்வாசி. இதுவும் இடையீடுதான், மறுக்கவில்லை. ஆனால் சேர்கிற ஒவ்வொரு துகளும் அதே பறவையிடமிருந்து, அதே அந்தியில் வந்தது. பக்கி பறந்துவிட்டால் இந்த வித்தை பலிக்காது. அப்போது நிறத்திட்டுகளை மட்டும் நீக்கி, கறுப்பைக் கறுப்பாக விட்டு, சின்னதாக அச்சிடலாம். மென்பொருளில் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறவர்கள், கேமரா பதிந்த மூலக்கோப்பை அழிக்காமல் வைத்திருக்கட்டும். என்ன இனம் என்று கேட்டு வருகிறவரிடம் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.