நாணயம் பற்றிச் சில சந்தேகங்கள்

1

பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று தமிழ்நாட்டில் முதலில் சொன்னவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. அப்போது நான் காவிரிக் கரை ஊர் ஒன்றில், ஒரு வங்கிக் கிளையின் காஷ் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் வாங்குவதில்லை, பெட்டிக் கடையில் வாங்குவதில்லை என்று 2016 கடைசியிலிருந்தே பேச்சு. நாணயத்தில் பதினைந்து கதிர் இருந்தால் போலி, பத்து இருந்தால் அசல் என்று ஒரு சூத்திரம் உலவிற்று. சீக்கிரமே அந்தச் சூத்திரமும் தேவைப்படாமல் போய், எல்லாமே செல்லாது என்றாயிற்று. 2018 ஜனவரி 17ல் ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டது: அதுவரை வெளியிட்ட 14 வடிவங்களும் செல்லும். சந்தேகம் உள்ளவர்கள் 14440க்கு மிஸ்டு கால் கொடுக்கலாம் என்று எல்லோருடைய கைப்பேசிக்கும் செய்தி அனுப்பிற்று. எங்கள் ஊரில் ஒரு டீக்கடைகூட அதனால் மனம் மாறவில்லை.

டீக்கடைக்காரரை ஒரு நாள் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எனக்கென்ன சார், நான் வாங்கிக்குவேன். அடுத்தவன் வாங்க மாட்டேங்கறானே." மளிகைக்காரரும் இதையே சொன்னார். கண்டக்டரும் இதையே சொன்னார். ஊரில் ஒருவர்கூட நாணயம் போலி என்று நம்பவில்லை, ஒருவரும் வாங்கவுமில்லை. அவநம்பிக்கை என்று நாம் பெயரிட்டிருப்பதில் பெரும்பகுதி இந்த ரகம்தான் என்பது என் எண்ணம். அது எந்த மனிதனின் மனத்திலும் குடியிருப்பதில்லை. எப்போதும் அடுத்தவன் வீட்டில்தான் இருக்கிறது.

அந்த வருஷம் ஒரு மூதாட்டி, பஸ் ஸ்டாண்டில் கீரை விற்பவள், மஞ்சள் பையில் பத்து ரூபாய் நாணயங்களாகக் கொண்டுவந்தாள். மொத்தம் 340 ரூபாய். நாணயம் வாங்க வேண்டாம், எண்ண ஆளில்லை, வாங்கினால் திருப்பிக் கொடுக்க வழியில்லை என்று எங்களுக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருந்தது. எழுத்தில் எதுவும் கிடையாது. எழுத்தில் இருந்தது இதற்கு நேர்மாறானது. வாங்க வேண்டும் என்ற சுற்றறிக்கை என் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்தது. "காயின் வாங்கறதில்லை பாட்டி" என்றேன். "ஏன் தம்பி, நீங்களே வாங்க மாட்டீங்கன்னா, அப்ப இது காசே இல்லையா?" என்றாள். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

இக்கட்டுரையில் நான் யாரையாவது குற்றம் சொல்வதாகத் தோன்றினால், அதற்கு முன் இந்த நிகழ்ச்சியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2

ஜனங்களின் சந்தேகத்தை மூடத்தனம் என்று தள்ளிவிடும் படித்த வர்க்கத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. சந்தேகத்துக்குக் காரணங்கள் உண்டு. 2016 நவம்பர் 8 இரவு, புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு நோட்டிலும் ரிசர்வ் வங்கிக் கவர்னர் தம் கையெழுத்தின் மேல் ஒரு வாக்குறுதி தருகிறார். அந்த வாக்குறுதிக்கு ஒரு இரவுதான் ஆயுள் என்று தெரிந்த பிறகு, கையெழுத்தும் வாக்குறுதியும் இல்லாத ஒரு வட்ட உலோகத்தை ஒருவன் ஏன் நம்ப வேண்டும்? நோட்டு மாற்ற வந்தவர்களின் விரலில் மை வைக்கச் சொன்னார்கள். வைத்தவர்களில் நானும் ஒருவன். தன் பணத்தைத் தானே வாங்க வந்தவன் குற்றவாளியைப்போல விரலை நீட்டியதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதற்கு முன்பும், வங்கி தராத வட்டியைத் தருவதாகச் சொன்ன 1990களின் நிதி நிறுவனங்கள், 2012ல் பெருந்துறைப் பக்கத்து ஈமுக் கோழிப் பண்ணைகள் என்று ஒரு வரிசை இருக்கிறது. முன்னதற்காக 1997ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது.

ஆனால் காரணம் இருப்பது வேறு, விவேகம் இருப்பது வேறு. நாணயத்தை மறுத்த இதே ஊர்தான் ஈமுவுக்குப் பணம் கட்டியது. இந்த முரணை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது பொருளாதாரப் புத்தகம் எதுவும் அல்ல. பி.ஏ. படிக்கும்போது பாதியில் மூடிவைத்து, வங்கி வேலைக்கு வந்த பின் முழுக்கப் படித்த ஒரு நாவல்: 1857ல் ஹெர்மன் மெல்வில் எழுதிய 'தி கான்ஃபிடன்ஸ்-மேன்'. அதற்குப் பின் அவர் உயிரோடிருந்தவரை வேறு நாவல் வெளியிடவில்லை. 1866லிருந்து 19 வருஷம் நியூயார்க் சுங்க இலாகாவில் பரிசோதகராக இருந்தார். என் போன்றவர்களுக்கு இது ஓர் ஆறுதல்.

கதை முழுவதும் ஏப்ரல் முதல் தேதியன்று மிஸ்ஸிஸிப்பி நதியில் ஒரு நீராவிக் கப்பலில் நடக்கிறது. கப்பலின் பெயருக்கு 'விசுவாசம் உள்ளது' என்று பொருள். ஏமாற்றுக்காரன் ஒருவன் வேஷம் மாற்றி மாற்றி வருகிறான்: முடவனாக, தர்ம ஸ்தாபனத்தின் பிரதிநிதியாக, நிலக்கரிக் கம்பெனிப் பங்கு விற்பவனாக, மூலிகை வைத்தியனாக. வருகிறவர் யாராயினும் கேட்பது ஒன்றுதான்: என்னை நம்பு. கப்பலில் சவரக்கடை வைத்திருப்பவர் ஆரம்பத்திலேயே ஒரு பலகை மாட்டிவிடுகிறார். இரண்டே சொல். அதைக் 'கடன் இல்லை' என்றும் படிக்கலாம், 'நம்பிக்கை இல்லை' என்றும் படிக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை. நம் ஊர்க் கடைகளில் இதே பலகை, கடன் அன்பை முறிக்கும் என்று கொஞ்சம் நாசூக்காகத் தொங்குகிறது. நாவலின் கடைசிப் பகுதியில் அந்தப் பலகையைக் கழற்றும்படி அவரிடம் ஒருவன் பேசி, நஷ்டம் வந்தால் தான் ஈடுகட்டுவதாக ஒப்பந்தமும் எழுதிக்கொடுத்து, சவரத்துக்குக் கூலி கொடுக்காமலே போய்விடுகிறான்.

இதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது பிட்ச் என்ற பாத்திரம். கரடித் தோல் போர்த்திய, யாரையும் நம்பாத மனிதர். இயற்கையை நம்பமாட்டார், வைத்தியத்தை நம்பமாட்டார். தாம் வேலைக்கு வைத்த முப்பத்தைந்து பையன்களும் அயோக்கியர்கள் என்பார், யந்திரமே மேல் என்பார். மூலிகை வைத்தியனை அவர் விரட்டியடிக்கும்போது, ஒரு விவேகி கிடைத்துவிட்டார் என்று வாசகன் நிமிர்ந்து உட்காருகிறான். சற்று நேரத்தில் வேலைக்குப் பையன்களை அமர்த்தித் தரும் ஏஜெண்டாக ஒருவன் வருகிறான். அரை மணி விவாதம். முப்பத்தாறாவது பையனுக்கு பிட்ச் பணம் கொடுத்துவிடுகிறார். தம் அவநம்பிக்கையைத் தாமே ஒரு கொள்கையாக ரசித்துக்கொண்டிருந்தவர் அவர். கொள்கையை மெல்ல நகர்த்தினால் போதும், ஆள் தானாக விழுவார் என்பது வந்தவனுக்குத் தெரிந்திருந்தது.

கடைசி அத்தியாயத்தில் ஒரு கிழவர். கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கும் கையேடு ஒன்று அவருக்கு இனாமாகக் கிடைக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான தனியார் வங்கிகள் ஆளுக்கொரு நோட்டு அச்சிட்டன. அத்தகைய கையேடுகள் நிஜமாகவே விற்பனையாயின. நல்ல நோட்டில் ஒரு வாத்தின் உருவம் இருக்க வேண்டும் என்கிறது கையேடு. கிழவர் மூக்குக் கண்ணாடியோடு தேடுகிறார், வாத்து தென்படவில்லை, மறுபடியும் தேடுகிறார். எங்கள் கவுண்டருக்கு வெளியே நாணயத்தின் கதிர்களை எண்ணிக்கொண்டு நின்றவர்களை எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. நாணயத்தைப் பார்க்கிறோம் என்று அவர்கள் நினைத்தார்கள். பார்த்தது சூத்திரத்தை.

சந்தேகமும் ஏமாளித்தனமும் எதிரெதிர் அல்ல என்பதுதான் மெல்வில் சொல்வதாக நான் எடுத்துக்கொள்வது. எதிரில் இருக்கும் இந்த ஒரு பொருளை, இந்த ஒரு மனிதனைப் பரிசீலிக்கும் உழைப்பிலிருந்து தப்பிக்க இரண்டுமே வழி செய்கின்றன. மொத்தமாக நம்புவதும் சுலபம். மொத்தமாக நம்பாமலிருப்பதும் அதே அளவு சுலபம்.

3

இதற்கும் நம் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மதிப்புரைக்கு எனக்கு வரும் கவிதைத் தொகுதிகளில் பாதியாவது அதிகாரத்தை நம்பாதவை. அதிகாரம், அரசு, அமைப்பு என்ற சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. ஆனால் இந்த அரசுக்கு ஒரு முகம் கிடையாது, ஜன்னல் கிடையாது, வேலை நேரம் கிடையாது, மேஜைமேல் எண்ணெய்க் கறை படிந்த ஒரு ரெஜிஸ்டர் கிடையாது. கவிஞருக்கு அதனால் ஒரு நஷ்டமும் நேர்வதில்லை. எல்லோரும் ஏற்கனவே நம்பாததைத் தானும் நம்பவில்லை என்று தெரிவிப்பதில் என்ன ஆபத்து? டீக்கடைக்காரரின் அவநம்பிக்கை போலவே இதுவும் அடுத்தவரிடமிருந்து வாங்கி அடுத்தவரிடம் தள்ளிவிடப்படும் சரக்கு. டீக்கடைக்காரருக்காவது அதில் பத்து ரூபாய் நஷ்டம் உண்டு.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் காபி சாப்பிட்ட கடவுள் நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறார். சில்லறை மாற்றத்தான் இந்தக் காபியா என்று ஓட்டல்காரருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. சர்வ வல்லமை படைத்த அதிகாரம் கல்லாப்பெட்டி முன்னால் நிற்கிறது. அதன் மேல் விழும் சந்தேகம் சில்லறை பற்றியது. நாத்திகத்தைப் பற்றி அந்த இடத்தில் ஒரு பிரசங்கம் வைத்திருந்தால் கதை செத்திருக்கும். சந்தேகம் குறிப்பானது, அளவானது, அந்தக் கல்லாப்பெட்டிக்கே உரியது. அதனால் உண்மையாக இருக்கிறது.

சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கும் ஒரு சவரக்கடைப் பலகை உண்டு. பரிசு பெற்றதா, நம்பாதே. லட்சம் பேர் படிப்பதா, நம்பாதே. இந்தப் பலகை பல சமயம் நம்மைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பலகை மாட்டிய பிறகு நம்மில் எத்தனை பேர் புத்தகத்தைத் திறந்து பார்த்தோம்? நம் பக்கத்து ஆள் என்று சொல்லிக்கொண்டு, நம் பாஷையிலேயே பேசிக்கொண்டு வந்த எத்தனை ஏஜெண்டுகளுக்கு முப்பத்தாறாவது பையனுக்கான பணத்தைக் கொடுத்தோம்?

4

2024 நவம்பரில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், எங்கள் கிளையின் பழைய வாடிக்கையாளர். ஏ.டி.எம். கார்டு வாங்க மறுத்தவர். பாஸ் புத்தகத்தில் வட்டியைத் தாமே கணக்குப் போட்டு, பைசா வித்தியாசம் வந்தால் சண்டைக்கு வருபவர். வங்கிக்காரன் அத்தனை பேரும் திருடன் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அவர் அன்று எஃப்.டி. முழுவதையும் முதிர்வுக்கு முன்பே முறித்து வடநாட்டுக் கணக்கு ஒன்றுக்கு அனுப்பப் படிவம் எழுதிக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் கைப்பேசி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். மனை வாங்குவதாகச் சொன்னார்.

டிஜிட்டல் அரெஸ்ட் என்ற மோசடி அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது. பார்சலில் போதைப்பொருள், உங்கள் பேரில் வழக்கு என்று ஒரு குரல்; பிறகு வீடியோவில் யூனிபாரம் போட்ட ஆள்; பணத்தைச் சரிபார்க்க அனுப்பு, யாரிடமும் பேசாதே. அந்த வருஷம் பெரிய தொழிலதிபர் ஒருவரைப் போலி உச்சநீதிமன்ற விசாரணைக்கே வீடியோவில் உட்காரவைத்து ஏழு கோடி ரூபாய் பறித்திருந்தார்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது என்று அக்டோபர் 27ல் பிரதமர் வானொலியில் சொல்லியிருந்தார்.

சலான் ஒன்றின் பின்புறம் எழுதி நீட்டினேன்: 'போனில் இருப்பவர் போலீஸ் அல்ல என்று நினைக்கிறேன். ஆமென்றால் தலையசையுங்கள்.' அவர் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தலையசைக்கவில்லை. நேரம் கடத்த வேண்டி, "சர்வர் டவுன் சார், சாயங்காலம் ஆகும்" என்றேன். அது பொய். அதை உடனே நம்பினார். நேராகப் பக்கத்து ஊர்க் கிளைக்குப் போய் அனுப்பிவிட்டார்.

சில வாரம் கழித்து வந்தார். 1930க்குப் புகார் செய்திருந்தார், பணம் வரவில்லை. என்மேல் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். மடித்த அந்தச் சலானை எடுத்து மேஜையில் வைத்து, தமக்குத்தாமே விளக்கம் சொல்வதுபோலச் சொன்னார்: "அவங்க அனுப்பின லெட்டர்ல சீல் இருந்தது சார். இதுல இல்லை."

என் பொய் அவருக்குப் பழக்கமானது, நம்பினார். என் உண்மைக்கு முத்திரை இல்லை, நம்பவில்லை. வாழ்நாள் முழுவதும் அதிகாரத்தைச் சந்தேகித்தவர் என்று நான் அவரைப் பற்றி வைத்திருந்த எண்ணம் தவறு. உதவ முன்வரும் அதிகாரத்தைத்தான் அவர் சந்தேகித்தார். மிரட்டும் அதிகாரத்தை அவர் என்றுமே நம்பியிருந்தார். ரிசர்வ் வங்கி நாணயத்துக்காக மன்றாடியபோது ஊர் கேட்காததும் இதனால்தானோ என்னவோ. மன்றாடும் அதிகாரம் நமக்கு அதிகாரமாகவே தோன்றுவதில்லை.

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல் இருக்கிறது. காஷியரின் வேலையும் விமர்சகனின் வேலையும் ஓரளவுக்கு ஒன்று என்று நான் கருதுவதற்கு அதுவும் ஒரு காரணம். யார் கொண்டுவந்தாலும் கையில் எடுக்க வேண்டும்; இரண்டு உலோகமும் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும்; எடையை விரல் அறிய வேண்டும்; பிறகே செல்லும், செல்லாது என்று சொல்லலாம். சொன்னதற்குத் தன் கையெழுத்தையும் போட வேண்டும். மற்றதெல்லாம் பலகை.

அந்த மஞ்சள் பையில் முப்பத்து நான்கு நாணயங்கள் இருந்தன. ஒன்றைக்கூட நான் எடுத்துப் பார்க்கவில்லை.