இரசிகர் காட்சியுரையும் ஆற்றுப்படை மரபும்

பரிசில் பெற்று மீள்வான் ஒருவன், பெறாது வாடி வருவான் ஒருவனை வழியிடைக் கண்டு, தான் பெற்ற வளத்தை எடுத்துரைத்து, வள்ளலிடம் செல்லும் நெறியையும் உணர்த்துவது ஆற்றுப்படை எனப்படும். தொல்காப்பியர் இதனைப் புறத்திணையியலுள் பாடாண் பகுதியில் வைத்துக் கூறினார். பத்துப்பாட்டினுள் சரிபாதியாகிய ஐந்து பாட்டுகள் இத்துறையின என்பதே இதன் பெருமையைக் காட்டும். இத்துறை ஏட்டில் வளர்ந்த வரலாறு பலராலும் ஆராயப்பட்டுள்ளது. மக்கள் வாய்மொழியில் அஃது எவ்வாறு வாழ்கின்றது என்பது அத்துணை ஆராயப்படவில்லை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் திருவள்ளூர், பொன்னேரி வட்டாரங்களிலும் முதியோர் பலர், தாம் இளமையில் திரைப்பட நடிகரை நேரிற்கண்ட நிகழ்ச்சியை விரித்துரைப்பதைக் கேட்கலாம். இதனை ஈண்டுக் 'காட்சியுரை' எனக் குறிப்போம். இதனை இலக்கிய ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகக் கொள்ளுதல் தகுமோ என ஐயுறுவார் உளர். அவ்வாறு ஐயுற்றவருள் யாமும் ஒருவர். சில ஆண்டுகட்கு முன்னர் அப்பகுதியைச் சார்ந்த முதுகலை மாணவர் ஒருவர், தம் பாட்டனார் எம்.ஜி.ஆரைக் காணச் சென்ற வரலாற்றையும் அதுபோன்ற பிறர் உரைகளையும் தொகுத்து ஆய்வேடு எழுத இசைவு வேண்டினார். இஃது இலக்கியம் அன்று எனக் கூறி யாம் மறுத்தோம். பின்னர்ப் பாட்டனார் மறைந்தார். அவர் உரை பதிவு செய்யப்படவில்லை. அப்பிழையை உணர்ந்த பின்னரே யாம் அவ்வூர்களில் முதியோர் சிலரிடம் சென்று கேட்கலானோம். கேட்டவற்றால் எமக்குப் புலனாயினவற்றை இக்கட்டுரை கூறும்.

காட்சியுரையின் உறுப்புகள்

காட்சியுரைக்கு நிலையான உறுப்புகள் நான்கு உள. அவை வழி, வாயில், விருந்து, விடை என்பன.

வழி கூறுதலில் இவ்வுரையாளர் காட்டும் விரிவு வியத்தற்குரியது. விடியற்காலை வண்டியில் கும்மிடிப்பூண்டியில் ஏறியது முதல், கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என நிலையங்களை முறைப்படி எண்ணி, சென்ட்ரலில் இறங்கி, பேருந்து மாறி இராமாவரம் தோட்டத்தை அடைந்தது வரை ஒன்றும் விடாது கூறுவர். எவ்விடத்தில் யார் தேநீர் வாங்கித் தந்தார் என்பதும் அதனுள் அடங்கும். தொண்டை நாட்டிற்கே உரிய ஆற்றுப்படையாகிய பெரும்பாணாற்றுப்படை, கச்சியில் வீற்றிருந்த இளந்திரையனைக் காணச் செல்லும் பாணனுக்கு, இடையிலுள்ள நிலங்களையும் அந்நிலத்து மக்கள் இடும் உணவையும் வரிசைப்படுத்திக் கூறுவதனை ஒப்பு நோக்குக. அதன் 500 அடிகளுள் பெரும்பகுதி வழியே ஆகும். வள்ளலின் பெருமை அவன் இருக்கையில் மட்டுமன்றி, அவனை நோக்கிச் செல்லும் வழியிலும் விளங்க வேண்டும் என்பது அம்மரபின் கொள்கை.

இரண்டாவது வாயில். வாயில் காப்போன் முதலில் தடுத்தான் என்பது ஏறத்தாழ எல்லா உரையினும் வருகின்றது. அதியமான் பரிசில் நீட்டித்தபோது ஔவையார் வாயிற்காவலனை விளித்துப் பாடிய புறநானூற்றுப் பாட்டினை அறிந்தார்க்கு இவ்வுறுப்புப் புதிதன்று. வேறுபாடு ஒன்று உண்டு. ஔவையார் தம் கலையின் மதிப்பை அறிந்து, எத்திசைச் சென்றாலும் தமக்கு உணவு உண்டெனத் துணிந்து நின்றார். நம் இரசிகருக்கு வேறு திசை இல்லை. ஆதலின் அவர் காத்திருந்தார்.

மூன்றாவது விருந்து. வந்தாரை முதற்கண் உண்டனரா என வினவுதல் எம்.ஜி.ஆரின் இயல்பாகப் பலராலும் கூறப்படுவது. பொருநராற்றுப்படையில் கரிகாலன், பொருநனின் கந்தலாடையைக் களைவித்து நுண்ணிய ஆடை அளித்து, உண்டு உண்டு பற்கள் மழுங்குமாறு ஊட்டிய செய்தி இவ்விடத்து நினைத்தற்குரியது. யாம் கேட்ட உரைகளில் நடிகர் பேசிய சொல் ஒன்றிரண்டே. இலையில் இடப்பட்ட உணவோ முழுவதும் எண்ணப்படுகின்றது.

நான்காவது விடை. கரிகாலன் விருந்தினன் பின்னே ஏழடி நடந்து விடை கொடுத்தான் என்பது பொருநராற்றுப்படைச் செய்தி. யாம் கேட்ட முதியோர் பலரும், நடிகர் தம்மை வாயில்வரை வந்து வழியனுப்பினார் என்றே முடித்தனர். நாள்தோறும் பலர் சென்ற இடத்தில் ஒவ்வொருவர்க்கும் இது நிகழ்ந்திருத்தல் அரிது. இதனைப் பொய் எனத் தள்ளுதல் ஆராய்ச்சியாகாது. காட்சியுரை இவ்வாறு முடிதல் வேண்டும் என்னும் மரபே ஈண்டு நினைவை வழிநடத்துகின்றது என்று கொள்ளுதலே பொருந்தும்.

வேறுபடும் இடங்கள்

ஒப்புமை இத்துணை இருப்பினும் இரண்டும் ஒன்றே எனல் பிழையாம். பாணன் கையில் யாழ் இருந்தது. வள்ளலுக்கு அவன் பாட்டு வேண்டியிருந்தது. இரசிகர் எதனைக் கொண்டு சென்றார்? பொன்னேரியை அடுத்த ஊரினர் ஒருவர், 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) படத்தின் உரையாடலை மனப்பாடம் செய்து ஊர்த் திருவிழாக்களில் பேசிப் புகழ் பெற்றவர். சிவாஜி கணேசனைத் தியாகராய நகர் அன்னை இல்லத்தில் கண்டபோது, பேசிக் காட்டுமாறு உடன் வந்தோர் தூண்டியும் தமக்கு ஒரு சொல்லும் எழவில்லை என்றார். அச்சொற்களுக்கு உரியவர் எதிரே நின்றபொழுது அவை தம்முடையன அல்லவாயின என்பது அவர் கூறிய காரணம். சிவாஜி கணேசனும் சிறுவராயிருந்தபோது கட்டபொம்மன் கூத்தினைக் கண்டே நடிப்பில் வேட்கை கொண்டவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. கண்டு களித்தவருள் ஒருவர் மேடையேறினார். மற்றவர் அவர் வாயிலில் நின்றார்.

இனி, இவ்வட்டாரத்திற்கே உரிய மாறுபட்ட சான்று ஒன்று உண்டு. 'கப்பலோட்டிய தமிழன்' (1961) படத்தில் பாரதியாராகத் தோன்றிய எஸ்.வி. சுப்பையா, செங்குன்றத்தை அடுத்த காரனோடையில் நிலம் வாங்கி உழவு செய்தார். இவரைக் கண்டோர் உரையில் வாயிலும் இல்லை, விருந்தும் இல்லை. நீரும் விதையும் விளைச்சலும் உண்டு. வள்ளல் பாணர் ஊருக்கே குடிவந்தபின் ஆற்றுப்படைக்கு இடமில்லையன்றோ? சுப்பையாவும் ஒருவகையில் இரசிகரே. செயகாந்தன் எழுத்தில் ஈடுபட்டு, அவருடைய 'கைவிலங்கு' என்னும் கதையைக் 'காவல் தெய்வம்' (1969) எனத் தாமே படமாக எடுத்தார்.

அச்செயகாந்தனே 'சினிமாவுக்குப் போன சித்தாளு' (1972) என்னும் குறுநாவலில், திரை நாயகன் ஒருவன்பால் மயங்கிய தொழிலாளப் பெண்ணின் வீழ்ச்சியைப் புனைந்தார். நோய் கண்ட மருத்துவனின் சினமும் இரக்கமும் அந்நூலில் உள்ளன. ஆராய்ச்சி உலகில் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992 இல் வெளியிட்ட நூல், தமிழில் 'பிம்பச் சிறை' எனப் பெயர் பெற்றது, திரையில் ஏழைப் பங்காளராக விளங்கியவர் ஆட்சியில் ஏழையர் பெற்றது என்ன என்று வினவிற்று. இவ்விரு நூல்களின் கண்டனமும் வலியுடையது. காட்சியுரைகள் அதனை மறுக்க வல்லன அல்ல. ஆயினும் இரு நூல்களிலும் இரசிகர் பிறரால் பேசப்படுகின்றார். தாமே பேசுமிடத்து அவர் கூறுவது, ஒருநாள் தாம் மதிக்கப்பட்ட செய்தியை. தொழிற்கூடத்திலும் கூலிக்களத்திலும் பெயர் சொல்லி அழைக்கப்படாத ஒருவரை, பலரும் அறிந்த ஒருவர் உண்டனையோ எனக் கேட்டார் என்பதே அவ்வுரையின் உயிர். அம்மதிப்பு அன்று ஒரு தோட்டத்தில் மட்டும் கிடைத்தது எனின், அது தோட்டத்திற்குப் பெருமை, ஊருக்குக் குறை.

ஆற்றுப்படை கையறுநிலையாதல்

ஆற்றுப்படையின் பயன் பிறரைச் செலுத்துதல். எம்.ஜி.ஆர். 1987 இலும் சிவாஜி கணேசன் 2001 இலும் மறைந்தனர். இராமாவரம் தோட்டத்தில் இன்று செவிப்புலன் குறைந்த மாணவர்க்கான பள்ளி நடைபெறுகின்றது. வண்டி சென்று நிற்கும் சென்ட்ரல் நிலையமே 2019 முதல் எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்குகின்றது. வழி அவ்வாறே உள்ளது, செல்லற்குரியவர் இல்லை. எனினும் முதியோர் நிலையங்களை முறைப்படி எண்ணுதலை விடவில்லை. சென்றடைய இயலாத வழியைக் கூறும் ஆற்றுப்படை, தன் துறையினின்று நீங்கிக் கையறுநிலையாகின்றது. வள்ளலை இழந்தார் அவன் அளித்த விருந்தையும் உடனிருந்த நாளையும் எண்ணிப் புலம்பும் புறநானூற்றுப் பாட்டுகளுடன் இதனை வைத்துக் காணல் வேண்டும். ஒரு துறையின் உறுப்புகள் கெடாதிருக்கவே அதன் பொருள் பிறிதொன்றாதல் இலக்கணம் பயில்வார் கருதத்தக்க செய்தி.

இத்துறையில் புகும் மாணவர்க்குச் சில கூறுவோம். உரையாளர் கூறும் ஆண்டும் படப்பெயரும் பிறழ்ந்திருப்பினும் அவர் சொல்லைத் திருத்தாது எழுதுக. திருத்தத்தைத் தனியே குறிக்க. கண்டு மீண்டாரை மட்டும் நாடற்க. வாயிலினின்று திரும்பியவர் உரையையும் தேடுக. பரிசில் பெறாதார் பாட்டினையும் சேர்த்து வைத்தமையால் அன்றோ புறநானூறு நமக்கு உண்மை வரலாறாகின்றது? பெண்டிர் உரை யாம் கேட்டவற்றுள் மிகக் குறைவு. அவர்கள் செல்லவில்லையா, சென்றும் சொல்லவில்லையா என்பதை அறிதல் வேண்டும்.

யாம் மறுத்தனுப்பிய மாணவரை அண்மையில் கண்டு, பாட்டனார் கூறியவற்றுள் நினைவில் உள்ளதைச் சொல்லுமாறு வேண்டினோம். வழி முழுவதையும் நிலையம் பிறழாது சொன்னார். தோட்டத்தினுள் நிகழ்ந்தது என்ன என வினவினோம். அது தமக்கு மறந்துவிட்டது என்றார்.