‘இந்தியா’ முதல் விகடன் வரை: இதழியல் சுதந்திரமும் விநியோக வழியும்

‘இந்தியா’ வார இதழின் சுதந்திரத்தை ஆய்வுகள் பெரும்பாலும் பாரதியின் தலையங்கங்களிலேயே தேடுகின்றன. இது பாதி உண்மையே. 1908இல் இராஜநிந்தனை வழக்கில் தண்டிக்கப்பட்டவர் பதிவேட்டில் ஆசிரியராக இருந்த எம். சீனிவாசன், பாரதி அல்லர். பிரெஞ்சுப் புதுச்சேரிக்குப் பெயர்ந்தபின் அச்சிடத் தடையில்லை, கருத்துப்படங்களும் தொடர்ந்தன. வாசகரோ பெரும்பாலும் பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்தனர். அச்சகத்தைத் தொட இயலாத அரசு, இதழ் உள்ளே வருவதைத் தடுத்தது. 1910இல் ‘இந்தியா’ நின்றது. ஆசிரியரின் துணிவை மட்டும் அளக்கும் ஆய்வில் இவ்வழி இடம்பெறுவதில்லை.

அச்சிலும் இணையத்திலும் இயங்கும் விகடன் குழுமத்துக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். 2025 பிப்ரவரியில் பிரதமர் மோடி பற்றிய கேலிச்சித்திரத்தை அதன் இணைய இதழ் வெளியிட்டதை அடுத்து, விகடன் இணையதளம் முழுவதும் முடக்கப்பட்டது. அச்சு இதழ்கள் தடைபடவில்லை. முடக்கத்தை நீக்குமாறு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அச்சித்திரத்தைத் தற்காலிகமாக அகற்ற வேண்டும் என்பது நிபந்தனை.