மெலிவின் பொருள்: மலையக இலக்கியமும் இளம்பருவத்தினரின் உடலுள நிலையும்

தமிழ் அகத்திணை மரபில் உடல் மெலிதல் உள்ளத்தின் மொழியாகக் கொள்ளப்பட்டது. தலைவனைப் பிரிந்தவளின் வளை நெகிழ்கின்றது, தோள் வாடுகின்றது, நெற்றியிற் பசலை படர்கின்றது. மகள் மெலிந்ததன் காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியை வினவுகின்றாள். வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகின்றாள். உண்மை தோழிக்கு மட்டுமே தெரியும். வள்ளுவரும் இப்பொருள் குறித்துப் 'பசப்புறு பருவரல்', 'உறுப்புநலன் அழிதல்' என்னும் அதிகாரங்களை வகுத்துள்ளார். இம்மரபின் நயங்களை விரித்துரைத்தோர் பலர். ஆயின் மிக எளியதோர் உண்மை பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை: அத்தலைவியின் வீட்டிற் சோறு இருந்தது. அவள் உண்ண மனமின்றி மெலிந்தாள்.

இம்மரபிற் பயின்ற வாசகர் மலையக இலக்கியத்தினுள் நுழையும்போது அதே மெலிவை முற்றிலும் வேறு பொருளிற் காண்கின்றார். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டம் பற்றிய நெடுங்கவிதை தொடக்கம் எழுபதுகளின் சிறுகதைகள் வரை மெலிந்த உடல் சுரண்டலின் சாட்சியமாகவே நிற்கின்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்துக்குத் தன் உடலைத் தவிர வேறு சாட்சியம் இருக்கவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைச் சூழ்ந்து பட்டினி மரணங்கள் நிகழ்ந்தபோது, எலும்பு தெரியும் குழந்தையின் உருவம் எழுத்திலும் படத்திலும் அம்மக்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பசலையைப் பாடிய மொழியிற் பட்டினியை எழுதியமை மலையகப் படைப்பாளிகளின் பெரும் பணி. அதனை மறுப்பவர் இலக்கியத்தையும் அறியார், தோட்டத்தையும் அறியார்.

ஆயினும் அவ்வெற்றிக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டது. உடலின் மெலிவைப் பொருளியலுக்கு உரியதாக்கியபோது அதற்கும் உள்ளத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோயிற்று. அகப்பாடலின் தலைவிக்கு உள்ளம் இருந்தது, பசி இல்லை. மலையகக் கதையின் இளையோருக்குப் பசி உண்டு. அப்பசி அவர்களுடைய உள்ளத்தை என்ன செய்தது என்ற வினா எழுப்பப்படுவது அரிது.

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' இவ்வகையில் நோக்கத்தக்கது. தலைப்பே ஓர் அளவை. ஓர் இளம்பெண் பறித்த கொழுந்தின் நிறையும் அதுபற்றி எழும் ஐயமும் அவளுடைய தன்மானமுமே கதையின் அச்சு. தோட்ட வாழ்வில் தராசுக்குள்ள அதிகாரத்தை இத்துணைச் செறிவாகக் காட்டிய கதைகள் சிலவே. கொழுந்து மடுவத்திலே கூடை இறங்குகின்றது; கணக்கப்பிள்ளை நிறுவையைப் பதிகின்றார்; சாக்கின் நிறையென்றும் ஈரத்தின் நிறையென்றும் கழிவு போகின்றது; எஞ்சியதைக் கொண்டு முழுப்பேரா அரைப்பேரா என்பது முடிவாகின்றது. கூடையைச் சுமந்து வந்தவளின் நிறையை அத்தராசு கேட்பதில்லை. அவ்வினாவைக் கேட்பது கதையின் நோக்கமாகவும் இருக்கவில்லை. இராமையா தாம் எடுத்துக்கொண்ட பொருளைக் குறைவின்றி நிறைவேற்றினார். அவருக்குப் பின் வந்தோர் அவ்வினாவைத் தொடர்ந்திருக்கலாம். (நிறை என்னும் சொல் எடையையும் மனத்தை நிலைநிறுத்தும் ஆற்றலையும் ஒருங்கே குறிப்பதென்பதைத் தமிழ் மாணவர் அறிவர்.)

தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' இவ்விடத்தை நெருங்கி வருகின்றது. வளர்ந்த பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு லயத்தின் ஒற்றைக் காம்பராவிற் குடும்பம் நடத்த நேரும் இடநெருக்கடியை அவர் எழுதியுள்ள முறை துணிவானது. உடல் வளர்கின்றது, காம்பரா வளர்வதில்லை என்ற உண்மை வாசகரை உலுக்குகின்றது. எனினும் கதையின் பாரம் பெற்றோரின் கூனிக்குறுகலின் மீதே விழுகின்றது. வளர்ந்த பிள்ளை அக்காம்பராவில் தன் உடலைக் குறித்து என்ன எண்ணியது என்பது வாசகரின் ஊகத்துக்கு விடப்படுகின்றது. அந்த மௌனம் கலையின் தேவையாக இருக்கலாம். அதே மௌனம் ஓர் இலக்கியப் பரப்பு முழுவதிலும் தொடரும்போது அதனைக் கலையின் தேவை என்று மட்டும் கூறி அமைய முடியாது.

இவ்விடத்து இலக்கியத்துக்கு வெளியே சென்று சில உண்மைகளை நோக்குதல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய நிலையில் ஏறத்தாழ 17 வீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதம். ஆனால் உயரத்துக்கேற்ற நிறையில்லாதோர் நாடளாவிய நிலையில் 15 வீதமளவில் இருக்கத் தோட்டத்துறையில் 13 வீதமளவிலேயே இருந்தனர். இது கூர்ந்து நோக்கத்தக்க முரண். தோட்டத்துப் பிள்ளை மற்றப் பிள்ளையைவிட மெலிந்ததன்று, குறுகியது. தலைமுறை தலைமுறையாக, கருவிலேயே தொடங்கிவிடும் ஊட்டக்குறைவு உயரத்தை முதலில் உண்டுவிடுகின்றது. நிறையோ அக்குறுகிய உயரத்துக்கு ஏற்பத் தன்னைச் சமன்செய்துகொள்கின்றது. ஆகவே தராசு மட்டும் 'குறையில்லை' என்று கூறக்கூடும். எலும்பு தெரியும் குழந்தையையே தேடிப் பழகிய எழுத்தாளரின் கண்ணுக்கும் இது புலப்படாது போகின்றது.

மேலும், ஐந்து வயது வரை ஒழுங்காக நிறுத்து அட்டையிற் குறிக்கப்படும் பிள்ளை அதன்பின் சில வகுப்புகளில் நிகழும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையிலேயே தராசில் ஏறுகின்றது. உடலும் உள்ளமும் மிக விரைந்து மாறும் பதின்ம வயதிலேதான் அது கணக்கிற் குறைவாக இடம்பெறுகின்றது. மீண்டும் ஒழுங்காக நிறுக்கப்படுவது கொழுந்து மடுவத்திலே. அங்கு நிறுக்கப்படுவது கொழுந்து.

உணவுக் குறைவு உள்ளத்தை எவ்வாறு மாற்றும் என்பதற்கு உலகறிந்த சான்றொன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார் நல்ல உடல்நலமுள்ள 36 இளைஞரைத் தெரிந்தெடுத்து ஏறத்தாழ ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். போரிட மறுத்து, இவ்வாய்வுக்குத் தாமாக முன்வந்தவர் அவர்கள். தம் நிறையில் ஏறத்தாழக் காற்பங்கை இழந்த அவர்களிடம் உடலின் மாற்றங்களைவிட உள்ளத்தின் மாற்றங்களே வியப்பளித்தன. சோர்வு, எரிச்சல், துயரம், பிறரோடு பழகுவதில் வெறுப்பு, உணவைத் தவிர வேறெதனையும் எண்ண இயலாமை என்பன தோன்றின. முன்னர் விவாதங்களில் ஊக்கத்தோடு கலந்துகொண்டவர்கள் பேச்சடங்கினர். அவர்கள் வளர்ந்தவர்கள்; நிறைவாக உண்டு வளர்ந்தவர்கள்; பரிசோதனை முடியும் நாளையும் அறிந்தவர்கள். அக்கரப்பத்தனையிலோ பொகவந்தலாவையிலோ பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை.

இதனை மனத்திற் கொண்டு தோட்டப் பாடசாலையின் வகுப்பறையை நோக்கினால், அங்கு வழங்கும் சில சொற்கள் புதுப்பொருள் பெறுகின்றன. 'அமைதியான பிள்ளை', 'அடக்கமானவள்', 'மந்தமானவன்', 'அக்கறையில்லாதவன்'. காலையிற் கோதுமை மா ரொட்டியும் சாயத்தண்ணியும் குடித்து, மலைப்பாதையில் நடந்து வந்து, இறுதி வாங்கில் அமரும் மாணவியின் அமைதி பண்பின் விளைவா, இரத்தசோகையின் விளைவா என்று எவர் ஆராய்ந்தார்? இரும்புச்சத்துக் குறைவு களைப்பையும் கவனக்குறைவையும் மனச்சோர்வையும் தரவல்லது என மருத்துவம் கூறுகின்றது. உணவோடு பருகும் தேநீர் அவ்வுணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கின்றது என்பதும் நிறுவப்பட்ட உண்மையே. உலகின் கிண்ணங்களை நிரப்பும் அவ்விலை, அதனைக் கொய்பவரின் பிள்ளைகளுடைய குருதியிலிருந்தும் தன் பங்கை எடுத்துக்கொள்கின்றது. எந்த யதார்த்தவாத எழுத்தாளனும் இதைவிடக் கூரிய முரணைக் கற்பனை செய்துவிட இயலாது. ஆனாலும் இது கதையாகவில்லை.

பெண்பிள்ளைகளின் நிலை தனித்துப் பேசத்தக்கது. ஊட்டக்குறைவு பருவமடைதலைத் தாமதிக்கும். லயத்து வாழ்விலே பெண் பெரியபிள்ளையாவது தனிப்பட்ட செய்தியன்று. தண்ணீர் சுற்றலும் சடங்கும் உறவினர் வருகையுமாக வரிசை முழுவதும் அறியும் நிகழ்வு. ஒத்த வயதுத் தோழியர் ஒவ்வொருவராகச் சடங்கு கண்டபின்னும் தான் மட்டும் குட்டையாய், ஒல்லியாய், சிறுமியின் சட்டையிலேயே நின்றுவிட்ட பெண்ணைப் பற்றி அயற்காம்பராவினர் பேசுவது மரப்பலகை மறைப்பினூடே அவளுக்குக் கேட்கும். அவளுக்குத் தன் உடல் ஒரு குற்றமாகின்றது. இவ்வுணர்வு உண்மையில் உணவையே மறுக்கும் நிலைக்கும் இட்டுச்செல்லலாம். அப்போது பசியிலே தொடங்கிய மெலிவு உள்ளத்தின் மெலிவாக மாறி, அகப்பாடலின் தலைவி நின்ற இடத்துக்கே இவளும் வந்து சேர்கின்றாள். தாயும் வேலனைத் தேடுகின்றாள்: பேசாதிருக்கும் மகளுக்குப் 'பேய் பிடித்தது' என்று கோயிலடிக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் மலையகத்துக்குப் புதிதன்று. சங்கத் தாய் செய்த தவற்றுக்கு ஈடாக அங்கு ஒரு மறியேனும் பலியாயிற்று. இங்கு நாட்கூலி போகின்றது.

உளநிலை பற்றிய இப்பேச்சுக்கு முற்போக்கு முகாமிலிருந்து எழும் மறுப்பொன்று உண்டு. உள்ளத்தின் நுட்பங்களைப் பேசுவது நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு. கூலி உயர்ந்து வயிறு நிறைந்தால் உள்ளம் தானே நிமிரும் என்பது அம்மறுப்பு. கூலி உயர வேண்டும் என்பதில் இருகருத்தில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் உணவின்மையால் மிகக் கூடுதலாகப் பாதிக்கப்பட்டது தோட்டத்துறையே என்பதும் தெரிந்ததே. ஆனால் வயிறு நிறைந்தால் எல்லாம் நிமிரும் என்பது ஆய்வில் நிலைக்கவில்லை. ஜமெய்க்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. சிலருக்கு ஊட்ட உணவு வழங்கப்பட்டது. சிலரின் வீடுகளுக்கு வாரந்தோறும் ஒரு சுகாதார உதவியாளர் சென்று, தாயும் குழந்தையும் விளையாடவும் பேசவும் பழக்கினார். சிலருக்கு இரண்டும் கிடைத்தன. சிலருக்கு ஒன்றும் இல்லை. அக்குழந்தைகள் பதினேழு, பதினெட்டு வயதை அடைந்தபோது சூசன் வோக்கர் முதலானோர் அவர்களை மீண்டும் ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். விளையாட்டும் பேச்சும் பெற்றோரிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்து, தன்மதிப்பு உயர்ந்திருந்தது. ஊட்ட உணவு மட்டும் பெற்றோரிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை.

1973 முதல் இந்நாட்டில் திரிபோஷ வழங்கப்பட்டு வருகின்றது. அப்பொதியின் பயனைக் குறைத்துக் கூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் தாய் மலையேறியபின் நாள் முழுவதும் குழந்தை கிடப்பது பிள்ளைக் காம்பராவில். அங்கு ஓர் ஆயா எத்தனை குழந்தைகளோடு பேசமுடியும் என்ற வினா ஜமெய்க்க ஆய்வின் ஒளியில் ஊட்டத்தைப் போலவே உயிர்நிலையான வினாவாகின்றது.

மறுபுறத்தில், உடல்நிறையையும் உளநலத்தையும் தொடர்புறுத்திச் செல்வ நாடுகளில் எழுந்துள்ள பெருந்தொகையான ஆய்வு, மிகைநிறையையே முதன்மைப்படுத்துகின்றது. கொழும்பின் சில பாடசாலைகளுக்கு அது பொருந்தலாம். அட்டன், தலவாக்கலை நகரங்களை அண்டிய பிள்ளைகளிடமும் அதன் சாயல் காணப்படத் தொடங்கியுள்ளது. ஆனால் அவ்வளவுகோலை அப்படியே பெயர்த்துத் தோட்டத்தில் நாட்டுவது, இலண்டன் ஏல விலையைக் கொண்டு லயத்தின் வாழ்வை அளப்பதற்கு ஒப்பானது.

இலக்கிய விமர்சனம் இங்கு செய்யத்தக்கது வாசிப்பை மாற்றுவதே. 1983இல் நூலாக வந்த சி. வி.யின் மலைநாட்டு மக்கள் பாடற்றொகுப்பை உழைப்பின் வரலாறாகப் படித்தோர் பலர். அதே தொகுப்பைக் கூடை சுமக்கும் வயதை எட்டாத ஒருத்தியின் செவியோடு படித்தால் தாலாட்டும் தெம்மாங்கும் வேறு செய்தி கூறும். 'மீன்கள்' கதையையும் தந்தையின் நாணத்திலிருந்து சற்று விலகி, இருளில் விழித்துக்கொண்டு உறங்குவதுபோற் கிடக்கும் பிள்ளையின் பக்கத்திலிருந்து படித்துப் பார்க்கலாம். பிள்ளை அங்கே இருக்கின்றது. அதன் மூச்சொலியைக் கேட்கும் அளவுக்குக் காம்பரா சிறியது.