விதைக்கு முந்தைய மாதம்

கோவையில் புதுவீடு கட்டி முடித்தவர்கள் முன்வாசல் நிலத்துக்கு இப்போது செய்வது ஒன்றுதான்: நர்சரிக்கு ஒரு போன், மறுநாள் வண்டியில் கார்பெட் புல், பொழுது சாய்வதற்குள் வாசல் பச்சை. விதை தூவி வளர்க்கப் போகிறேன் என்றால் தோட்டக்காரரே "அது வராதுங்க" என்று தடுக்கிறார். நான் இரண்டு முறை விதைத்தவன். முதல் முறை முழுத் தோல்வி, இரண்டாம் முறை பிழைத்துக்கொண்டது. "வராதுங்க" என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பழியை விதையின் மேல் போடுவது தவறு.

முதல் தோல்வி விதைத் தேர்வில் நடந்தது. இணையத்தில் வாங்கிய பொட்டலத்தின் மேல் அடர்ந்த புல்வெளிப் படம் மட்டும் இருந்தது, என்ன புல் என்ற பெயர் இல்லை. தை மாதம் தூவினேன். ஐந்தாம் நாளே முளைத்ததில் மனசு நிறைந்து போனது. பங்குனி வெயில் ஏறியதும் வைக்கோலாகிவிட்டது. அது ரைகிராஸ், குளிர்நாட்டுப் புல். ஊட்டியில் நிற்கும், சமவெளிக் கோடையைத் தாங்காது. பெயர் போடாத புல்விதையை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

நம் வெயிலுக்கு உரியது அருகுதான். கடையில் பெர்முடா என்று கேட்டால் தருவது அதன் விதையையே. வயலில் அருகு புகுந்துவிட்டால் விவசாயி வருஷக்கணக்கில் அல்லாடுவார். அந்தப் பிடிவாதம்தான் புல்தரைக்கு வேண்டும். "அருகுபோல் வேரோடி" என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அந்த வேர்தான் விதைப்பின் பெரிய பலம். கார்பெட் புல்லை வேரறுத்து, யாரோ ஒருவர் நிலத்தின் மேல்மண்ணோடு சேர்த்துப் பெயர்த்து வருகிறார்கள். அடியில் மண்ணைக் கொத்தாமல் விரித்தால் வேர் அந்த ஒட்டுமண்ணிலேயே சுருண்டு கிடக்கும். மாதங்கள் கழித்தும் பாய் போல உரித்தெடுக்கலாம். விதையில் முளைத்த புல்லுக்கு வேறு மண் தெரியாது. முதல் வேரே உங்கள் நிலத்துக்குள் இறங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. மைதானங்களில் புகழ்பெற்ற டிஃப்வே 419 அமெரிக்காவின் டிஃப்டனில் உருவாகி 1960-இல் வெளியான கலப்பினப் புல். அது விதை தராது. உலகெங்கும் ஒரே செடியின் துண்டுகளாகவே பரவியது. விதைப்புல்லிலோ ஒவ்வொரு முளையும் தனிச்செடி. அதனால் தரையின் நிறம் அங்கங்கே சற்று மாறும், பட்டுவிரிப்புச் சீர்மை வராது. எனக்கு அது குறையாகப் படவில்லை. ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகச் சாகாது.

உண்மையான குறை மண்ணுக்குள் இருக்கிறது. அருகு விதை முளைக்க ஏறக்குறைய பத்து நாள், இரண்டு வாரம் ஆகும். கோரைக்கு நான்கு நாள் போதும். ஈரம் பட்டதும் அதுதான் முதலில் எழும். பார்த்தவர் புல் வந்துவிட்டது என்று மகிழ்வார். தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டையாக நெருடினால் கோரை. இதற்கு மருந்து விதைப்புக்கு முந்தைய மாதத்தில் இருக்கிறது: நிலத்தைக் கொத்தி, சமன்செய்து, விதைக்காமலே தண்ணீர் காட்ட வேண்டும். எழும் களையைக் கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டு மறுபடி தண்ணீர், மறுபடி களையெடுப்பு. மூன்று முறையாவது. நன்றாக மக்காத தொழுவுரம் போட்டால் களைவிதையை நாமே கொண்டுவந்து கொட்டியதாகிவிடும். "வராதுங்க" என்பவர்கள் இந்த மாதத்தைத் தாண்டிக் குதித்தவர்கள். காத்திருக்க வைப்பது விதைப்பின் குறைதான், மறைக்க வேண்டியதில்லை.

தண்ணீர்க் கணக்கும் கடுமையானது. 400 சதுர அடிக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 185 லிட்டர். அதையும் ஒரே மூச்சில் விடக் கூடாது. விதை மண்ணின் மேற்பரப்பில் கிடப்பதால் பூவாளியில் மூன்று நான்கு வேளையாகத் தெளிக்க வேண்டும்; பைப்பைத் திறந்துவிட்டால் விதையெல்லாம் ஒரு மூலையில் போய்ச் சேரும். பகலில் வீட்டில் ஆளில்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் புல்தரையே வேண்டாம். மரநிழலில் அருகு நோஞ்சானாகிவிடும், அங்கேயும் வேண்டாம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். அருகின் மகரந்தம் பலருக்கு ஒவ்வாமை தரும்.

சின்ன வாசலுக்கு விதையைவிடக் கணு நடவே மேல். பக்கத்து நிலத்து அருகை வேரோடு எடுத்து அரையடிக்கு ஒன்றாக ஊன்றினால் தானே ஓடி மூடும்; செலவும் இல்லை. விதைக்குத் தனி நியாயம் வருவது ஆயிரம் இரண்டாயிரம் சதுர அடி வெட்டவெளியில். அவ்வளவுக்கும் ஒரு கிலோ போதும். கார்பெட் புல்லுக்கோ ஒவ்வொரு சதுர அடிக்கும் காசு.

பட்டம் பார்ப்பதில் ஆடிப்பட்டப் பழமொழியை இங்கே நம்ப வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது தூசியளவு விதை எங்கே நிற்கும்? ஆவணியில் காற்று தணிந்த பிறகுதான் இரண்டாம் முறை விதைத்தேன். உலர்ந்த மணலோடு கலந்து, பாதியை நெடுக்கிலும் பாதியைக் குறுக்கிலும் தூவி, பலகையால் தட்டி, சாக்கு விரித்தேன். மறுநாள் எறும்புகள் வரிசை கட்டி விதையைத் தூக்கிப் போயின. ஓரத்தில் ஒரு முழ அகலம் இன்றும் மெலிந்தே இருக்கிறது. ஒன்பதாம் நாள் காலை நின்று பார்த்தபோது வெறும் மண். குந்தி உட்கார்ந்து, வெயில் வரும் பக்கம் கண்ணைத் தாழ்த்தியபோது தரையெங்கும் பச்சை மயிர்க்கால். அன்றே சாக்கை எடுத்தேன்.

ஐப்பசி மழை வந்தபோது ஒரு பிடி புல்லைப் பற்றி மெல்ல இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. அதன் பிறகே கத்தியைத் தீட்டி முதல் வெட்டு வெட்டினேன், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டும்.