படச்சுருளும் மூலப்படியும்

பட்டர்வொர்த்திலிருந்து பெரி ஏறி ஜார்ஜ் டவுன் செல்வோர், அங்குள்ள பழந்தெருக்களில் தந்தையர் காலத்துக் கேமராவைக் கண்ணருகே வைத்து நிற்கும் இளைஞரைக் காணலாம். கைத்தொலைபேசியில் ஆயிரம் படம் எடுக்கக் கூடியவர், 36 படமே கொள்ளும் சுருளை விலைகொடுத்து வாங்குகின்றனர். இது சிலருடைய விருப்பம் மட்டுமன்று; வாணிகமும் இதன்பின் நிற்கிறது. கோடாக் நிறுவனம் 2012-இல் கைவிட்ட எக்டாகுரோம் சுருளை 2018-இல் மீண்டும் கொணர்ந்தது. 2024-இல் பெண்டாக்ஸ் 17 என்னும் புதிய சுருட் கேமராவே வெளிவந்தது.

இம்மீட்சியைப் போற்றுவோர், சுருள் பொய் சொல்லாது என்றும், மின்னணுப் படமே திருத்தத்துக்கு இடந்தருவது என்றும் கூறுவர். இக்கூற்று ஆராய்ச்சிக்கு நில்லாது. தமிழகத்து ஒளிப்பட வரலாறே இதனை மறுக்கிறது.

1856-இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பெற்ற லின்னேயஸ் டிரைப், 1858-இல் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களைப் படமெடுத்தார். மெழுகூட்டிய தாளே அவருக்கு நெகட்டிவ். அக்காலத்து மருந்து நீல ஒளியையே மிகுதியாக ஏற்றதால், வானம் வெறும் வெண்மையாகப் பதியும். டிரைப் தம் நெகட்டிவ்கள் சிலவற்றின்மேல் வண்ணந் தீட்டி முகில்களைச் சேர்த்தார். படத்தைக் காண்பவர் அவற்றை அன்றைய வானமென்றே கொள்வர். பிற்காலத்து ஸ்டூடியோக்காரர் கூரிய பென்சிலால் 'டச்சிங்' செய்து முகத்தின் வடுவையும் சுருக்கத்தையும் மறைத்தனர். வீட்டுச் சுவரில் தொங்கும் பாட்டியரின் மாசற்ற முகத்தில் ஒளிக்கு ஒரு பங்கு, பென்சிலுக்கு ஒரு பங்கு.

அதே டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இணைத்தார். அங்கே அவருக்கு எழுத்தே வேண்டியிருந்தது. ஆகவே மெய்யும் பொய்யும் எடுப்பவர் கருத்தைப் பொறுத்தவை. சுருளைப் பொறுத்தவை அல்ல.

அங்ஙனமாயின் சுருளுக்குச் சிறப்பே இல்லையோ எனின், உண்டு. டிரைப் முகில் தீட்டினார் என்பது எவ்வாறு தெரிந்தது? அவருடைய தாள் நெகட்டிவ்கள் அழியாமல் இருந்தமையால் அன்றோ! வண்ணம் ஏறிய இடம் அதில் தனியே தெரிகிறது. பதிப்பாசிரியருக்கு ஏட்டுச்சுவடி எத்தகையதோ, படத்தை ஆராய்பவருக்கு நெகட்டிவ் அத்தகையது. ஏடு இருந்தால் பாடத்தை ஒப்புநோக்கலாம்; இடைச்செருகலையும் காணலாம். மின்னணு முறையிலும் திருத்தாத மூலக்கோப்பைக் காத்தல் கூடும், காப்பவர் சிலரே.

இன்னொன்றையும் மறைத்தல் ஆகாது. தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பேணியபோது, அவற்றை மின்னணுப் படிகளாக்கியே பேணினர். இரண்டும் பகை என்பது சுருளன்பர் சிலரின் கற்பனை.

குறை வேறோரிடத்தில் உள்ளது. இன்று சுருளைக் கழுவக் கொடுக்கும் இளைஞருட் சிலர், ஸ்கேன் செய்த படங்களைத் தொலைபேசியிற் பெற்றதோடு அமைகின்றனர். நெகட்டிவைக் கேட்டு வாங்குவதில்லை. வாங்கியவரும் நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தை மறந்து மேசையறையில் சுருட்டிப் போடுகின்றனர். பூசணம் அதனைத் தின்றுவிடுகிறது. சுவடியைப் படியெடுத்த மறுநாளே ஏட்டை ஆற்றில் விட்டவரை நாம் இன்றும் நொந்துகொள்கிறோம்.